கை நனைத்தல்

இலை போட்டாகிவிட்டது. நுனி இடது பக்கமாகச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் தெளித்துத் துடைத்தும் விட்டேன், துடைத்ததில் விரலெல்லாம் ஈரம், ஆனால் இந்த ஈரம் கணக்கில் சேராது. சோற்றில் கை வைத்தால்தான் கை நனைத்ததாக அர்த்தம். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் முடிவாகும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள், மனசுக்குப் பிடித்துப்போனால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சாப்பிட்ட பிறகு பேச்சை மாற்ற முடியாது, மாற்றினால் ஊரே காறித் துப்பும். இன்றைக்கு நனைய வேண்டியது என் கை. என் தங்கை மகள் நிரஞ்சனாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறோம், நானும் தங்கை சீதாலட்சுமியும், சிவகாசியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு. நிரஞ்சனாவின் அப்பா இறந்த பிறகு அம்மாவும் மகளும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள், அதனால் அப்பாவின் இடத்தில் தாய்மாமன் நான், தனுஷ்கோடி, ஐம்பதைத் தாண்டிய, கல்யாணமாகாத, காலண்டர் அச்சகத்தில் வண்ணம் சரிபார்க்கிற, நாலைந்து நோய்களுக்கு ஒரே வயிற்றில் குடியிருக்க இடம் கொடுத்த தனுஷ்கோடி. அந்த வயிற்றைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அண்ணே, வயித்து விசயத்த மட்டும் அங்க எடுத்துறாதீங்க, வம்சத்துலயே இருக்கும்னு நெனச்சுருவாங்க, இன்னைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு வாய் அள்ளி வச்சுருங்கண்ணே." சரி என்றேன். சரி என்று சொல்வதற்கு வயிறு வேண்டாம், வாய் போதும். ஆனால் தங்கைக்குத் தெரியாத இன்னொரு பேச்சு இருக்கிறது. காலையில் நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நிரஞ்சனா பின்னாலேயே வந்தாள், என் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் காதருகே சொன்னாள், "மாமா, நீங்க அங்க சாப்ட்டுப் பாருங்க. உங்களால அந்த வீட்ல சாப்பிட முடிஞ்சா என்னாலயும் முடியும். முடியலன்னா கை நனைக்காம வந்துருங்க." அவளுக்கும் வந்துவிட்டது. எனக்கிருப்பதில் மிக மோசமானது எதுவோ அது, பெருங்குடல் புண், இருபத்தைந்து வயதில். அது அவளுக்கும் எனக்கும் மதுரையில் அவளைக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆக, ஒருத்தி அள்ளி வை என்கிறாள், ஒருத்தி முடிந்தால் அள்ளி வை என்கிறாள், நடுவில் இந்த இலை.

உப்பு வைத்தார் மாப்பிள்ளையின் அம்மா. வள்ளிமயில் என்று பெயர், உயரமான ஆள், நடையில் ஒரு வேகம். உப்பு ஆகும். இந்த இலையில் வரப்போகிறவற்றில் என் வயிற்றுக்குள் யாருமே ஆட்சேபிக்காத பதார்த்தம் உப்பு ஒன்றுதான். அடுத்து எலுமிச்சை ஊறுகாய், இதோ என் நோய்களில் மூத்தவர் எழுந்துவிட்டார், நெஞ்செரிச்சல், என் கல்லூரி நாளில் வந்து சேர்ந்தவர், வாசனைக்கே மார்புக்குள் ஒரு கோடு இழுக்கிறார். முட்டைக்கோஸ் பொரியல், அது இரண்டாமவருக்கு ஆகாது, எந்தப் பரிசோதனையிலும் அகப்படாமல் ஆனால் ஆளைப் படுத்தியெடுக்கும் குடல் எரிச்சல், டாக்டர்கள் இவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலை மாற்றி மனசைக் கொஞ்சம் லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். எப்படி லேசாக வைத்துக்கொள்வது என்று மட்டும் எந்தச் சீட்டிலும் எழுதித் தரவில்லை. அவியலில் தயிர், பால் சம்பந்தப்பட்ட எதுவும் எனக்குச் சேராது. வடை, எண்ணெய், பித்தப்பையை எடுத்த பிறகு எண்ணெய் உள்ளே போனால் உடனே வெளியே போகிற வழியைத்தான் கேட்கும். இவர்கள் எல்லாருக்கும் அடியில், கடைசி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு பெரிய குடலில் புண், அது கோபித்துக்கொண்டால் ரத்தம். கூட்டுக் குடும்பம்தான், பேச்சுவார்த்தை இல்லாத கூட்டுக் குடும்பம். ஒருத்தருக்குக் கொடுத்தால் இன்னொருத்தருக்கு ஆகாது. மலச்சிக்கலுக்குக் கீரை சாப்பிடு என்று விருதுநகர் டாக்டர், புண் ஆறும்வரை கீரையைத் தொடாதே என்று மதுரை டாக்டர், இருவரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் கீரைக்கடைப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கலாம். புண்ணுக்குக் கொடுத்த மாத்திரை நெஞ்சை எரிக்கிறது, நெஞ்சுக்குக் கொடுத்த மாத்திரை குடலைக் கட்டுகிறது, கட்டினதை இளக்கக் கொடுத்த மருந்து புண்ணைக் கிளப்புகிறது. போன மழைக்காலத்தில் ஒரு மாத்திரை முகத்தையெல்லாம் உப்ப வைத்துவிட்டது, கன்னம் இரண்டும் பன்னு மாதிரி, அச்சகத்தில் எல்லாரும் அண்ணன் இப்பத்தான் நல்லா இருக்கார் என்று சந்தோஷப்பட்டார்கள். அந்த உப்பல் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் உள்ளே நுழையும்போது வள்ளிமயில் அம்மா சொன்னார், "அண்ணன் நெறஞ்ச ஆளா இருக்காக, ஆசையாச் சாப்புடுவாகன்னு பாத்தாலே தெரியுது." தங்கை சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். இப்போது அந்த அம்மா இன்னொரு வடையைக் கொண்டுவந்து என் இலையில் மட்டும் வைக்கிறார், தங்கைக்கு ஒன்று, எனக்கு இரண்டு, இது பிரியம், பிரியத்துக்கு எந்த டாக்டரும் மாத்திரை எழுதித் தர முடியாது. எதிரில் மாப்பிள்ளையின் அப்பா சங்கிலிராஜ் உட்கார்ந்திருக்கிறார், நூல் வியாபாரம், அளந்து பேசுகிறவர். மாப்பிள்ளை பிரேம்நாத் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறான், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறான், நல்ல பையன்தான், முகத்தில் கள்ளமில்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லாத வீடு, அதுதான் பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் வாசல் எந்தத் திசை, வீடு சொந்தமா ஒத்தியா என்று பார்ப்பார்கள். நான் பார்த்தது கக்கூஸை. எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் அதைத்தான் தேடும், அச்சக வேலையைக்கூட நான் சம்பளத்தைப் பார்த்துச் சேரவில்லை, என் மேஜையிலிருந்து கழிப்பறை எவ்வளவு பக்கம் என்று பார்த்துத்தான் சேர்ந்தேன். இந்த வீட்டில் அது அடுப்படியைத் தாண்டிப் பின்கட்டில் இருக்கிறது. கை கழுவப் போனபோது எட்டிப் பார்த்தேன், சுத்தமான இடம், தகரக் கதவு, கதவுக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி, பக்கத்திலேயே பாத்திரம் தேய்க்கிற கல், அதில் ஒரு பெண் குந்தியிருந்து குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே போய் உட்கார்ந்தால் உள்ளே நடப்பது அவளுக்குக் கேட்கும், அடுப்படிக்குக் கேட்கும். கேட்காமல் இருக்க ஒரு வழி உண்டு, குழாயைத் திறந்துவிட்டுவிட்டு உட்கார வேண்டும், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் எல்லாம் அமுங்கிப்போகும். யாரும் கற்றுத் தருவதில்லை, வயிறே கற்றுக்கொடுக்கும். அப்படித்தான் நிரஞ்சனாவை நான் கண்டுபிடித்தேன். ஒரு நாள் மத்தியானம் வீட்டுக் கழிப்பறையில் குழாய் திறக்கிற சத்தம், கொஞ்ச நேரம் கழித்து மூடுகிற சத்தம், மறுபடி திறக்கிற சத்தம், வாளி எப்போதோ நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, வழிகிற தண்ணீர்ச் சத்தம் எனக்குத் தெரியாதா, வாழ்நாளெல்லாம் கேட்ட சத்தம். கையில் பேப்பரை வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். இருக்காது, அவளுக்கு இருக்காது, நேற்று ராத்திரி ஏதாவது கடையில் வாங்கித் தின்றிருப்பாள், எக்ஸாம் பயமாக இருக்கும், என்று ஒன்று மாற்றி ஒன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வெளியே வந்தவள் என்னைப் பார்த்தாள், நான் பார்த்த பார்வையைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சொன்னாள், ஈரச் சேலையை உதறிக்கொண்டே, எனக்கு முகம் காட்டாமல். குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டாராம். மாமாவுக்கு என்றாளாம். என் சொத்து என்று எழுதிவைக்க எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேனே, கேட்காமலேயே அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, மார்பு எரிந்தது, எரிந்தது துக்கத்திலா மூத்தவராலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த பெரிய இடைஞ்சல் அதுதான், எது மனசு எது வயிறு என்று தெரியாமல் போனது. பயந்தால் வயிறு கலங்குகிறது, வயிறு கலங்கினால் பயம் வருகிறது, எது முதலில் ஏறியது என்று கேட்டால் பஸ் கண்டக்டராலும் சொல்ல முடியாது. அவளுக்கு அது இன்னும் தொடங்கவில்லை, இன்னும் அவளுக்குப் புண் மட்டும்தான், புண் ஒரு நோய், மருந்து இருக்கிறது, கேட்டால் ஆறும். ஒளிக்க ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குடிவருவார்கள்.

சோறு வந்துவிட்டது. ஆவி பறக்கிற வெள்ளைச் சோறு, உதிரி உதிரியாக, நான் வீட்டில் சாப்பிடுவது குழையக் குழைய வேகவைத்தது, இது பெருமையாக வடித்த சோறு, ஒன்றோடொன்று ஒட்டவில்லை. "போதும்மா, போதும்" என்று கையை நீட்டினேன், கைக்கு மேலேயே வந்து விழுந்தது, "அட, இது என்னண்ணே குருவிக்கு வச்ச மாதிரி" என்று இன்னொரு கரண்டி. பருப்பு, நெய். நெய் உருகிச் சோற்றுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கிலிராஜ் தன் இலையில் பருப்பைப் பிசையத் தயாராக வலது கையைச் சோற்றுக்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார், விருந்தாளி முதலில் கை வைக்க வேண்டும். தங்கை காத்திருந்தாள். பிரேம்நாத்தின் செம்பு காத்திருந்தது. ரெண்டு வாய். ரெண்டு வாய் என்ன செய்துவிடும், காலையில் கட்டுப்படுத்துகிற மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன், நேற்று மத்தியானத்திலிருந்து கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இல்லை, வயிறு காலி, காலி வயிற்றில் ரெண்டு வாய் போனால் அது வேலையைக் காட்ட ஒரு மணி நேரமாவது ஆகும், அதற்குள் வெற்றிலை மாற்றி பஸ் ஏறிவிடலாம், பஸ்ஸில் வந்தால், வழியில் எங்காவது நிற்குமே, இல்லை, நிற்காது. சாப்பிட்டுவிடலாம். ஆனால் நிரஞ்சனா கேட்டது ரெண்டு வாய் அல்ல. இந்த வீட்டில் சாப்பிட முடியுமா என்று கேட்டாள். ஒரு நாள் விருந்தாளியாக ரெண்டு வாயை விழுங்கிவிட்டு பஸ் ஏறுகிறவனைக் கேட்கவில்லை, இந்தக் கூடத்தில் தினமும் எல்லாரோடும் உட்கார்ந்து, பிரியமாக வைக்கிறதை வேண்டாம் என்று சொல்ல முடியாமல், அந்தத் தகரக் கதவுக்குள் குழாயைத் திறந்துவிட்டு, முப்பது நாற்பது வருஷம். அதற்கு இந்தக் கை பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று என் வயிறு சொல்கிறது. ஆனால் என் வயிறு சொல்வதை எப்படி நம்புவது, அதற்குப் பழைய கோபம் ஒன்று இருக்கிறதே. எனக்குப் பேசி முடித்த பெண்ணின் வீட்டில், திருத்தங்கலில், நிச்சயப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினேன், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலையை விட்டு எழுந்தேன், போனவன் திரும்பி வர நேரமாகிவிட்டது, மறு வாரம் ஆள் வந்து தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்க வேண்டாம் என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்கிறதோ. சே, அப்படி இருக்காது. இருந்தாலும் இருக்கும், மனுஷன்தானே. அவளுக்கு இந்தப் பையனைப் பிடித்திருக்கிறது, போனில் பேசிவிட்டு வந்து தனியாகச் சிரித்ததைப் பார்த்தேன். சாப்பிடு, தனுஷ்கோடி. கை இறங்கியது, சோற்றின் சூடு விரல் நுனிக்கு வந்தது, படவில்லை, நெய் வாசனை மேலே வந்து மூக்கில் ஏறியது, அடிவயிற்றில் யாரோ துணியைப் பிழிவதுபோல் ஒரு திருகல். கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்னண்ணே, ஏதும் கொறையா?" என்றார் வள்ளிமயில் அம்மா. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "குறையெல்லாம் இல்லம்மா. எனக்கு வயிறு சரியில்ல." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பின்கட்டில் குண்டான் தேய்க்கிற சத்தம் கேட்டது. சங்கிலிராஜ் சோற்றுக்கு மேல் வைத்திருந்த கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். "வயிறு சரியில்லையா. சரிங்க," என்றார், குரலில் கோபமே இல்லை, "எங்க அக்கா மகளுக்குப் பாக்கப்போன எடத்துல நாங்களும் அதத்தான் சொல்லிட்டு வந்தோம். பிடிக்கலன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்றதுக்கு இது மரியாதை." அப்பா தெய்வமே. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வெளியார் வீட்டில் ஒளிக்காமல் ஒரு உண்மையைச் சொன்னேன், அது இந்த ஜில்லாவிலேயே எல்லாரும் சொல்கிற பொய்யாகப் போய் விழுந்துவிட்டது. "இல்லைங்க, நெசமாவே சரியில்ல," என்றேன். "நெசமாவேன்னுதாங்க எல்லாரும் சொல்லுவாக," என்றார் அவர். தங்கை என் பக்கம் திரும்பி "அண்ணே" என்றாள், அந்த ஒரு சொல்லில் இத்தனை வருஷம் அவள் என்னிடம் கேட்காததெல்லாம் இருந்தது. பிரேம்நாத் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான், அவன் கழுத்து சிவந்துபோயிருந்தது, தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். விட்டுவிடலாமா. நிரஞ்சனா கை நனைக்காமல் வந்துவிடுங்கள் என்றுதானே சொன்னாள், அது தானாகவே நடந்துவிட்டது, எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம், யாருக்கும் எதுவும் தெரியாது, அவள் என் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். இந்த வீட்டில் வேண்டாம் என்றால் அந்த வீட்டில். வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் அதை நான் சொல்லியிருக்க வேண்டும், ஒரு தப்பு அர்த்தம் எனக்காகச் சொல்லக் கூடாது. அப்படித்தான் வாயைத் திறந்தேன், சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எந்த மனுஷனும் பேசாததைப் பேசினேன். நெஞ்செரிச்சலில் ஆரம்பித்தேன், அதற்குச் சங்கிலிராஜின் முகம் மாறவில்லை, அது எல்லாருக்கும் இருக்கிறது, பித்தப்பையை எடுத்ததற்குச் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினேன், பால் சேராது என்றேன், ஒரு நாளைக்கு எத்தனை தடவை போக வேண்டியிருக்கும் என்றேன், "ரத்தமாப் போகும்ங்க, வெறும் ரத்தமா, செல சமயம் சளியோட," என்றேன், பஸ்ஸில் வருவதென்றால் மாற்று வேட்டி பையில் இருக்கும் என்றேன். சங்கிலிராஜ் தன் இலையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். நம்பிவிட்டார். நம்ப வைக்க இவ்வளவு அசிங்கம் தேவைப்பட்டது. வெட்கத்தில் காது இரண்டும் கொதித்தது, ஆனால் வயிறு, இதை எங்கே போய்ச் சொல்வது, வயிறு அமைதியாக இருந்தது.

வள்ளிமயில் அம்மா நெய்க் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், அதற்கு ஒரு முகம் தயாராக வைத்திருக்கிறேன். அவர் சொல்லவில்லை. "புள்ளைக்கு?" என்றார். அவ்வளவுதான், ஒரே சொல், அதை என்னைப் பார்த்துக் கேட்டார். "அவளுக்கு ஒன்னுமே கெடையாது மதினி, அவ கல்லத் தின்னாலும் செரிச்சுரும்," என்று தங்கை பாய்ந்து சொன்னாள். ரொம்ப வேகம். கேள்வி வருவதற்கு முன்பே எங்கேயோ ஒத்திகை பார்த்துவைத்த பதில் அது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, முந்தானை நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள், விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. கொஞ்ச நாளாக வீட்டுக் குழம்பில் காரமே இல்லை, கேட்டதற்கு மிளகாய் வத்தல் சரியில்லை, உறைக்க மாட்டேங்குது என்றாள். வத்தல் நன்றாகத்தான் இருந்தது. அடிப்பாவி, உனக்கும் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா, நான்தான் முட்டாள், ஒரே வீட்டில் மூன்று பேர், அவள் என்னிடம் சத்தியம் வாங்குகிறாள், நான் உன்னிடம் ஒளிக்கிறேன், நீ எங்கள் இருவரிடமும் ஒளிக்கிறாய், ஆளுக்கொரு பக்கம் நின்று அவளைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருக்கிறோம். சங்கிலிராஜும் என்னைப் பார்த்தார், பிரேம்நாத்தும் சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தான். தாய்மாமன் சொல்தான் சொல். ஒன்றும் இல்லை என்று நானும் சொன்னால் இந்தச் சம்பந்தம் நிற்கும், தங்கை அழ மாட்டாள், அந்தப் பையனின் முகம் தெளியும், நான் ஒரு பிடி சோற்றை அள்ளி வாயில் வைத்தால் முடிந்துபோகும். பிறகு அவள் இங்கே வருவாள், இந்த அம்மா அவளுக்கு இரண்டு வடை வைப்பார். சத்தியத்தை மீறுகிறேன் நிரஞ்சி, நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி. "அவளுக்கும் இருக்கும்மா," என்றேன். "எனக்கிருக்கிற அத்தனையும் இல்ல. புண்ணு மட்டும். இப்பத்தான் கண்டுபிடிச்சாக. மருந்து எடுத்துக்கிட்டிருக்கா." தங்கையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையென்று சொல்ல முடியாது, மூச்சை விட்டாள், ரொம்ப நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு.

யாராவது எழுந்திருப்பார்கள் என்று காத்திருந்தேன். சங்கிலிராஜ் எழுந்திருக்கவில்லை, கையை இலைக்கு மேலிருந்து எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார், சோறு படாத கையைத் துடைத்தார். வள்ளிமயில் அம்மா நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் இலைக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார், இப்போது அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. "அந்தப் புள்ளைக்கு என்னதான் ஒத்துக்கும்?" என்றார். நான் வாயைத் திறந்தேன். எனக்கு என்ன ஒத்துக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், குழைந்த சோறு, தோலுரித்த பாசிப்பருப்பு, அவித்த கேரட், பழுத்த வாழை. அவளுக்கு? அவள் என் தட்டைப் பார்த்துத் தன் தட்டில் எதையோ வைத்துக்கொண்டாள், அதை அவள் தின்றாளா தள்ளினாளா என்று நான் பார்த்ததில்லை, பார்த்தால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று பார்க்காமலேயே இருந்தேன். தயிர் சேருமா அவளுக்கு, தெரியாது. எந்த வேளையில் அதிகம் வலிக்கிறது, தெரியாது. திரும்பித் தங்கையைப் பார்த்தேன், நீ சொல்லு என்பதுபோல். தங்கை என்னைப் பார்த்தாள். "காரம்..." என்று ஆரம்பித்தாள், "காரம் கொஞ்சம் கொறச்சு..." அதற்கு மேல் அவளிடமும் இல்லை. பெற்றவளும் தாய்மாமனும் அந்தக் கேள்விக்கு முன்னால் பாடம் படிக்காமல் வந்த பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், அதில் கோபம் இருந்தது, ஆனால் நாங்கள் ஒளித்ததற்கான கோபம் இல்லை அது. "அதக்கூடக் கேக்காமயா வச்சிருந்தீக?" என்றார். பிறகு கையை நீட்டினார், "போனப் போட்டுக் குடுங்க. நான் கேட்டுக்கிறேன்." "வள்ளி, இப்ப எதுக்கு," என்றார் சங்கிலிராஜ். வள்ளிமயில் அம்மா காதில் வாங்கவில்லை. தங்கை நம்பரைத் தட்டி நீட்டினாள், அந்த அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார், "நான் பிரேம் அம்மா பேசுறேன் தாயி" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. அந்தப் பக்கம் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள், மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று புரிந்திருக்கும், உட்கார்ந்திருப்பாளா, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாளா, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பாளா. போனை வைத்துவிடுவாளோ. "ம்," என்றது அந்த அம்மாவின் குரல். "ம். தயிரு?" அப்புறம் அந்தப் பக்கம் அவள் பேசுகிறாள், நீளமாகப் பேசுகிறாள், எங்களிடம் ஒரு சேலையை உதறுகிற நேரத்துக்கு மேல் அதைப் பற்றிப் பேசாதவள். "சரி. காலையிலயா ராத்திரியா?... ம்." அது அவளை மருமகளாக ஏற்றுக்கொள்ள வழி தேடுகிறவரின் குரலா, வேண்டாம் என்று சொல்லக் காரணம் சேர்க்கிறவரின் குரலா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வடையில் இருந்த எண்ணெய் இலையில் ஒரு வட்டமாக இறங்கியிருந்தது, சோறு ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை, தங்கை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அடுப்படி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேம்நாத் மெதுவாக நடந்து போய் அந்த வாசலில் நின்றுகொண்டான். உள்ளேயிருந்து அவன் அம்மா கேட்பது மறுபடி கேட்டது.

"சொல்லு தாயி. வேற?"